காரணம் தெரியாத இடத்திலும் இரக்கம்





பிறரை நியாயந்தீர்க்கலாகாது என்பது, ஓய்வுநாள் பாடசாலையில் சிறு பிள்ளைகளாக அமர்ந்திருந்த நாள்முதல் நாம் கேட்டுவரும் போதனை. மத்தேயு 7ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தை மனப்பாடமாகச் சொல்லத் தெரியாதவர்கள் நம் சபையில் மிகச் சிலரே. ஆயினும் ஆராதனை முடிந்து, செருப்பைத் தேடி அணிந்துகொண்டு, பேருந்து நிறுத்தத்தை அடைவதற்குள் நம் நாவிலிருந்து எத்தனை தீர்ப்புகள் புறப்பட்டுவிடுகின்றன! இன்னார் ஏன் இரண்டு வாரமாக வரவில்லை, இன்னார் வீட்டு மகன் ஏன் வேலைக்குப் போகாமல் இருக்கிறான், காணிக்கைப் பை வரும்போது இன்னார் ஏன் தலையைக் குனிந்துகொள்கிறார் என்பவற்றுக்கெல்லாம் நம்மிடம் விடை ஆயத்தமாக இருக்கிறது. அவரிடம் கேட்டு அறிந்த விடை அன்று அது. பார்த்த மாத்திரத்தில் நாமே எழுதிக்கொண்ட விடை.

இதைக் குறித்து இந்த வாரம் சற்று நிதானமாகச் சிந்திக்க விரும்புகிறேன். அதற்காக நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. காளப்பநாயக்கன்பட்டியில் நம் வீட்டு வாசலில் நின்றால் தெரிகிற கொல்லிமலையே போதும்.

இன்று காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் பேருந்து நம்மை மேலே சேர்த்துவிடுகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் அந்தச் சாலை கிடையாது. நடந்து ஏற வேண்டும். இயலாதவர்களை டோலியில் வைத்துச் சுமந்து செல்ல வேண்டும். மலைக்காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளியார் அங்கே தங்கத் தயங்கிய காலம் அது. அக்காலத்தில், 1913ஆம் ஆண்டு திருமணம் முடிந்த கையோடு அம்மலைக்குக் குடிபோனவர்கள் ஜெசி பிராண்ட், எவலின் பிராண்ட் என்னும் இங்கிலாந்து தேசத்துத் தம்பதியர். அவர்கள் மருந்து கொடுத்தார்கள். நரம்புச் சிலந்தி நோயால் கால் வீங்கி வந்தவர்களுக்குப் பொறுமையாகச் சிகிச்சை செய்தார்கள். பிள்ளைகளுக்கு எழுத்தும் கைத்தொழிலும் கற்றுக்கொடுத்தார்கள். மலைமக்கள் மருந்தை வாங்கிக்கொண்டார்கள். ஆனால் அவர்களுடைய போதனையை ஏற்க ஆண்டுக்கணக்கில் ஒருவரும் முன்வரவில்லை. அவ்வூர்ப் பூசாரி அவர்களைக் கடுமையாக எதிர்த்தார். மக்களும் அவர் பேச்சுக்கு அஞ்சினார்கள்.

அந்தப் பூசாரியைப் பற்றி நாம் என்ன நினைக்கிறோம்? நம் பிரசங்கங்களில் இத்தகையவருக்கு ‘கடின இருதயமுள்ளவர்’ என்று உடனே பெயர் வைத்துவிடுவோம். அவர் நின்ற இடத்தில் நின்று ஒருமுறை பார்ப்போம். மலையில் மழை தவறினாலும், மாடு செத்தாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலும் ஊரார் ஓடி வந்தது அவரிடம். அவருடைய பிழைப்பும் மரியாதையும், தம் முன்னோருக்கு அவர் கொடுத்த வாக்கும் அந்தக் கோயிலோடு கட்டுண்டிருந்தன. கடல் கடந்து வந்த முன்பின் அறியாத ஒருவரைக் கண்டு அவர் சந்தேகப்பட்டதில் வியப்பு என்ன இருக்கிறது? தம் மக்களைக் காப்பதாகவே அவர் எண்ணியிருக்கக்கூடும்.

1918ஆம் ஆண்டு உலகெங்கும் பரவிய இன்புளுயன்சா காய்ச்சல் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அது கொல்லிமலையையும் விடவில்லை. குடிசை குடிசையாக மக்கள் விழுந்து கிடந்தார்கள். காய்ச்சல் கண்டவரை நெருங்க உறவினரும் அஞ்சிய நாள்களில், பிராண்ட் தம்பதியர் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று ஊட்டினார்கள். தங்களை எதிர்த்த பூசாரியின் வீட்டையும் அவர்கள் தாண்டிப் போகவில்லை. அவரும் அவர் மனைவியும் பிழைக்கவில்லை. மரிக்கும் முன், தம் பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பை ஜெசி பிராண்டிடமே அவர் ஒப்படைத்தார். தாயை இழந்த அந்தப் பச்சிளம் பெண்குழந்தையை எவலின் அம்மையார் ஏந்திக்கொண்டார். இத்தனை ஆண்டுகள் ஒருவரையொருவர் அயலாராகவும் எதிரிகளாகவும் கண்டவர்களுக்கு நடுவே, ஒரு தகப்பன் தன் குழந்தையை நம்பிக்கையோடு எடுத்து நீட்டினார். கஞ்சிக் கலயத்தோடு அந்த வாசலுக்குப் போகிறவரை அவர் இன்னாரென்று முடிவுகட்டி ஒதுங்கியிருந்தால், அந்தக் கைகள் ஒருநாளும் நீண்டிருக்கமாட்டா.

ஜெசி பிராண்ட் 1929ஆம் ஆண்டு ஜூன் மாதம் மலைக்காய்ச்சலுக்கே பலியானார். எவலின் அம்மையார் ஊழியத்தைத் தொடர்ந்தார். அவருக்கு எழுபது வயது நெருங்கியபோது, இனி மலையில் ஊழியம் செய்ய உடல் தாங்காது என்று அவரை அனுப்பிய மிஷனார் கருதினர். அவர்களைத் தீயவர்கள் என்று சொல்லிவிட முடியாது. வயதைப் பார்த்தார்கள், தளர்ந்த உடலைப் பார்த்தார்கள், அக்கறையோடுதான் முடிவு செய்தார்கள். ஆனால் அந்த உடலுக்குள் எரிந்துகொண்டிருந்த பாரத்தை அளக்க அவர்களிடம் கோல் இல்லை. ஓய்வு பெற்றபின் தம் சொந்தப் பொறுப்பில் அம்மையார் மீண்டும் மலையேறினார். இரு கைகளிலும் கோல் ஊன்றியும், மட்டக்குதிரையில் ஏறியும் ஊர் ஊராகச் சென்றார். 1974ஆம் ஆண்டு, தம் 95ஆம் வயதில் அவர் மரித்தபோது, கணவரின் கல்லறைக்கு அருகே அதே மலையில் அவரை அடக்கம் செய்தார்கள். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தீர்ப்பும் தவறக்கூடும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமோ?

இனி அவர்களுடைய மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1914ஆம் ஆண்டு பிறந்து, ஒன்பது வயதுவரை கொல்லிமலைக் காடுகளில் ஓடியாடி வளர்ந்த அந்தப் பிள்ளைதான் பிற்காலத்தில் உலகம் போற்றிய மருத்துவர் பால் பிராண்ட். இங்கிலாந்தில் அறுவைச் சிகிச்சை கற்று, 1946ஆம் ஆண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார்.

தொழுநோயாளிகளைப் பற்றி அந்நாளில் உலகம் கொண்டிருந்த தீர்ப்பு மிகப் பழையது. அது தெய்வ சாபம் என்றார்கள். முற்பிறப்பின் வினை என்றார்கள். நம்மவர்களோ பாவத்தின் சம்பளம் என்றார்கள். 1873ஆம் ஆண்டே நார்வே தேசத்து ஹான்சன் என்ற மருத்துவர் அது ஒரு கிருமியால் வருவது என்று கண்டறிந்திருந்தார். ஆனாலும் மக்களின் எண்ணம் மாறவில்லை. மருத்துவர்களிடமும் ஒரு தவறான கருத்து நிலவிவந்தது: இந்நோயில் சதை தானாகவே அழுகி, விரல்கள் உதிர்ந்துவிடும், ஆகவே அந்தக் கைகளைச் சீராக்க முயல்வது வீண் என்பது.

1947ஆம் ஆண்டு செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கச் சென்ற பால் பிராண்ட், விரல்கள் மடங்கிப்போயிருந்த ஒரு நோயாளியிடம் தம் கையை இறுகப் பிடிக்கும்படி சொன்னார். செயலிழந்த கை என்று எண்ணி நீட்டியவருக்கு உயிர் போகும் வலி எடுத்தது. அந்தப் பிடி அத்தனை வலுவாக இருந்தது. வலியால் அவர் கத்தியபோது, தாம் வலிக்கச் செய்கிறோம் என்பதே அந்த நோயாளிக்குத் தெரியவில்லை. பயனற்றதென்று உலகம் தள்ளிய கையில் நல்ல தசைகள் இன்னும் உயிரோடு இருந்தன. இல்லாதது உணர்வு ஒன்றுதான்.

பின்னும் ஒரு நிகழ்ச்சியை அவர் சொல்லியிருக்கிறார். துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் அவர் திணறிக்கொண்டிருந்தார். தொழுநோயால் பாதிக்கப்பட்ட ஒரு சிறுவன் வந்து சாவியை வாங்கி ஒரே திருப்பில் திறந்துவிட்டான். பால் பிராண்ட் வியந்து அவன் கையைப் பார்த்தபோது, சாவி அழுந்திய விரல் எலும்பு தெரியும்வரை வெட்டுண்டிருந்தது. சிறுவனுக்கு அது தெரியவே இல்லை. விரல்கள் நோயினால் உதிரவில்லை என்பது இவ்விதம் படிப்படியாக விளங்கிற்று. சூடான பாத்திரம் சுடுவது தெரியாமல், ஆணி குத்துவது தெரியாமல், புண்ணை மிதித்துக்கொண்டே நடப்பது தெரியாமல், நாளுக்கு நாள் காயப்பட்டே அவை அழிந்தன. இரவில் உறங்கும்போது எலி கடிப்பதும் சிலருக்குத் தெரியவில்லை. அதன்பின் நோயாளிகள் வீடு திரும்பும்போது ஆளுக்கொரு பூனையைக் கொடுத்தனுப்பினார்கள் என்பது கேட்கச் சிறிய செய்திதான். ஆயினும் எத்தனை நூற்றாண்டுகளின் தீர்ப்பை அந்தப் பூனை பொய்யாக்கிற்று என்று எண்ணிப் பாருங்கள். ‘இவன் செய்த பாவம் இவன் விரலைத் தின்கிறது’ என்று உலகம் சொல்லிக்கொண்டிருந்தது, தின்றதோ எலி.

அந்தப் பழைய தீர்ப்பு எளிதில் சாகவில்லை. கிறிஸ்தவர்களாகிய நமக்கு உரிய 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம் உள்ளிட்ட சில சட்டங்களில், கணவனோ மனைவியோ தொழுநோயால் பாதிக்கப்பட்டிருப்பது மணவிலக்குக்கு ஒரு காரணமாக இருந்தது. கூட்டு மருந்துகளால் நோய் முற்றிலும் குணமாகும் காலம் வந்து பல ஆண்டுகள் கழித்து, 2019ஆம் ஆண்டில்தான் பாராளுமன்றம் அதை நீக்கிற்று. சட்டப் புத்தகத்திலிருந்து நீக்குவது ஒரு நாள் வேலை. மனங்களிலிருந்து நீக்குவது அத்தனை எளிதன்று என்பதை ஒரு போதகனாக நான் அறிவேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் ஊழியம் செய்த ஒரு சபையில் ஒரு பெரியவர் இருந்தார். அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்து நீண்ட காலம் ஆயிற்று. தமக்குப் பின் இதைப் பேர் சொல்லாமல் சொல்லலாம் என்று அவரே எனக்கு அனுமதி தந்திருந்தபடியால் இங்கே எழுதுகிறேன்.

அவர் ஆராதனைக்குத் தவறமாட்டார். ஆனால் யாரிடமும் கை கொடுக்கமாட்டார். தூர நின்று கும்பிடுவார். திருவிருந்தில் அவர் தம் கையால் கிண்ணத்தை எடுப்பதில்லை. மனைவி எடுத்து அவர் வாயருகே பிடிப்பார். சபையின் அன்பின் விருந்தில் பந்தி போட்டவுடன் சத்தமில்லாமல் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார். ‘நம்மோடு சமமாக உட்கார்ந்து உண்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல்’ என்று சிலர் சொன்னார்கள். ‘பெண்சாதி ஊட்டிவிட வேண்டுமாம், ராஜா வீட்டுப் பிள்ளை’ என்று வேறு சிலர் சிரித்தார்கள்.

உண்மை என்னவென்றால், இளவயதில் அவருக்குத் தொழுநோய் வந்து, சிகிச்சையால் முழுவதும் குணமாகியிருந்தது. உணர்வு மட்டும் விரல்களுக்குத் திரும்பவில்லை. சிறிய கண்ணாடிக் கிண்ணம் விரல்களிடையே இருக்கிறதா, நழுவுகிறதா என்று அவருக்குத் தெரியாது. இலையில் விழும் சோற்றின் சூடும் தெரியாது. வீட்டில் ஆறவைத்துக் கரண்டியால் உண்பார். இதை அவரே என்னிடம் சொன்னார். வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் வீட்டில் கலியாண வயதில் ஒரு மகள் இருந்தாள். ‘அந்த வீட்டில் அந்த நோய்’ என்ற ஒரு சொல் காதில் விழுந்தால் வருகிற சம்பந்தம் வாசலோடு திரும்பிவிடும் என்று அவர் அஞ்சினார். அந்த அச்சத்தில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆகவே நான் வாய் திறக்கவில்லை. முணுமுணுப்பு என் காதுக்கு வந்தபோதெல்லாம், ‘அவரை விட்டுவிடுங்கள், அவர் நல்லவர்’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை இல்லை. மகளின் திருமணம் நல்லபடியாக நடந்தது. அன்று பந்தியில் எல்லாரையும் அமரவைத்து உபசரித்த அவர், தாம் மட்டும் அமரவில்லை. ‘சொந்த மகள் கலியாணத்தில்கூட இவருக்கு நம்மோடு உட்கார மனமில்லையே’ என்று எனக்குப் பக்கத்து இலையில் ஒருவர் சொன்னார்.

அச்சபையில் விதவையான ஒரு மூதாட்டி இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஒவ்வோர் அன்பின் விருந்திலும், தாம் உண்ணுமுன், ஒரு தூக்குவாளியில் சோறும் குழம்பும் எடுத்து மூடி, ஒரு பையன் கையில் கொடுத்து அந்தப் பெரியவர் வீட்டுக்கு அனுப்புவார். அவருக்கு இரகசியம் ஏதும் தெரியாது. ‘ஏன் அம்மா அனுப்புகிறீர்கள்?’ என்று ஒருநாள் கேட்டேன். என்னை விநோதமாகப் பார்த்துவிட்டு, “பந்தியில உக்காராதவருக்கும் பசிக்குமுங்களே, ஐயா” என்றார்.

இறையியல் கல்லூரியில் நான்கு ஆண்டுகள் கற்றவன் நான். பிறரை நியாயந்தீர்த்தலைக் குறித்து அதனினும் சிறந்த விளக்கத்தை நான் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை.

அன்பானவர்களே, ‘சூழ்நிலை தெரியாமல் பிறரை நியாயந்தீர்க்காதீர்கள்’ என்று நாம் சொல்லும்போது, சூழ்நிலை தெரிந்துவிட்டால் இரக்கம் காட்டுவோம் என்று மறைமுகமாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் பெரும்பாலான வேளைகளில் நமக்கு அது தெரியவே போவதில்லை. சொல்ல முடியாத காரணங்களே மனிதரை அதிகமாக வருத்துகின்றன. சொல்லக்கூடியதாக இருந்தால் அவர்களே சொல்லியிருப்பார்கள். கடன், குடிகாரக் கணவன், மனநோயுள்ள பிள்ளை, கலைந்துபோன கரு, சிறையில் இருக்கும் சகோதரன் — இவற்றை அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்துவிட்டா மக்கள் ஆலயத்துக்கு வருகிறார்கள்? காரணத்தைக் காட்டினால்தான் இரக்கம் கிடைக்கும் என்றால், நம் சபை ஒரு நீதிமன்றமாகிவிடும். பாரம் சுமக்கிறவன் சாட்சிகளைத் தேடிக்கொண்டு வர வேண்டியிருக்கும். அந்த மூதாட்டி சாட்சி கேட்கவில்லை. பசியை மாத்திரம் கண்டார்.

சாமுவேலின் முதலாம் புத்தகத்தில் ஏலி என்னும் ஆசாரியனை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையில்லாத துக்கத்தால் மனங்கசந்து ஆலயத்தில் ஜெபிக்கிறாள் அன்னாள். உதடு அசைகிறது, சத்தம் இல்லை. ஏலி அவளைக் குடிவெறி கொண்டவள் என்று எண்ணிக் கடிந்துகொண்டான். அவன் கண்டது உண்மை: உதடுகள் அசைந்தன. அதற்கு அவன் கொடுத்த பொருள்தான் பொய். நாமும் பெரும்பாலும் பொய்யான காட்சியைக் காண்பதில்லை. மெய்யான காட்சிக்குப் பொய்யான பொருள் கொடுக்கிறோம். ஆயினும் ஏலியைப் பாராட்டவும் வேண்டும். அவள் தன் துயரத்தைச் சொன்னவுடன், தன் கௌரவத்தைப் பிடித்துக்கொண்டு நிற்காமல், சமாதானத்தோடே போ என்று அவன் அவளை வாழ்த்தி அனுப்பினான். ஆலயத்தில் மூப்பர் இடத்தில் இருப்பவர்களுக்கு அது ஒரு நல்ல பாடம்.

யோசுவா 22ஆம் அதிகாரத்தை நாம் அதிகம் வாசிப்பதில்லை. யோர்தானுக்குக் கிழக்கே குடியேறிய கோத்திரத்தார் ஆற்றோரத்தில் ஒரு பெரிய பலிபீடத்தைக் கட்டினார்கள். அதைக் கேள்விப்பட்ட மற்ற கோத்திரத்தார், தேவனை விட்டு விலகிவிட்டார்கள் என்று முடிவுசெய்து படை திரட்டினார்கள். ஆனால் போருக்குப் புறப்படுமுன் ஒரு நல்ல காரியம் செய்தார்கள்: பினெகாசையும் பத்துப் பிரபுக்களையும் அனுப்பி விசாரித்தார்கள். அது பலியிடுவதற்கான பீடம் அன்று. நாங்களும் உங்களோடு ஒரே தேவனை ஆராதிக்கிறவர்கள் என்பதற்கு எங்கள் பிள்ளைகளுக்காக வைத்த சாட்சி என்ற பதில் வந்தது. கேட்ட ஒரு கேள்வி சகோதரர்களுக்குள் ஒரு யுத்தத்தைத் தடுத்தது. நம் குடும்பங்களில் எத்தனை யுத்தங்கள், யாரும் போய்க் கேளாததாலேயே தலைமுறையாக நடந்துவருகின்றன!

பிறவிக் குருடனைக் கண்டபோது சீடர்கள் ஆண்டவரிடம் கேட்ட கேள்வியும் உங்களுக்குத் தெரியும். பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று கேட்டார்கள். குருடன் அவர்கள் முன்னே உட்கார்ந்திருக்கிறான். அவர்களோ அவனிடம் பேசாமல் அவனைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆண்டவர் அவர்கள் கொடுத்த இரண்டு விடைகளையும் தள்ளினார். பின்பு குனிந்து சேறு உண்டாக்கி அவன் கண்களில் பூசினார். சீடர்கள் காரணத்தைத் தேடினார்கள். ஆண்டவர் அவன் கண்களைத் தேடினார்.

இங்கே சிலர் கேட்கலாம்: ‘ஐயா, அப்படியானால் தவற்றைத் தவறு என்று சொல்லக்கூடாதா?’ சொல்ல வேண்டும். மனைவியை அடிக்கிறவனைப் பார்த்து ‘அவனுக்கு என்ன சூழ்நிலையோ’ என்று நாம் ஒதுங்கிப் போனால், அது இரக்கம் அன்று. அடிபடுகிறவளுக்குச் செய்யும் துரோகம். ஏமாற்றுகிறவனின் வறுமையை நாம் அறியலாம். ஏமாற்றப்பட்டவரின் வறுமையையும் அறிய வேண்டும். செயலை எடைபோடுவது சபையின் கடமை. ஆனால் அந்தச் செயலை வைத்துக்கொண்டு அந்த மனிதனின் இருதயத்தையும், அவனுடைய முடிவையும், தேவனுக்கு முன்பாக அவனுக்குள்ள இடத்தையும் தீர்மானிப்பது நம் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது. அந்த ஆசனத்தில் ஒருவர் ஏற்கெனவே வீற்றிருக்கிறார்.

துரும்பையும் உத்திரத்தையும் பற்றி ஆண்டவர் சொன்னபோதுகூட, சகோதரன் கண்ணில் கிடக்கும் துரும்பு அங்கேயே கிடக்கட்டும் என்று அவர் சொல்லி முடிக்கவில்லை. அதை எடுக்கும் வழியைச் சொன்னார். கண்ணில் விழுந்த தூசியை எடுத்துப் பழகியவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு மென்மையான வேலை என்று. கிட்டே போக வேண்டும். மூச்சை அடக்க வேண்டும். சேலைத் தலைப்பைச் சுருட்டி நுனியால் தொட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எடுக்கிறவரின் விரலுக்கு உணர்வு இருக்க வேண்டும். உணர்வற்ற விரல் கண்ணைத் தொட்டால் துரும்பு வராது, கண் போய்விடும்.

பால் பிராண்ட் கண்ட உண்மை நம்மைக் குத்த வேண்டிய இடம் இதுவே. உணர்வற்ற கை தன்னையே காயப்படுத்திக்கொள்கிறது. தான் காயப்படுத்துவதை அது அறிவதும் இல்லை. ஓர் அவயவம் பாடுபட்டால் எல்லா அவயவங்களும் கூடப் பாடுபடும் என்று பவுல் அப்போஸ்தலன் கொரிந்தியருக்கு எழுதினார். அப்படிக் கூடப் பாடுபடாத சரீரம் ஆரோக்கியமாகத் தோன்றலாம், ஆலயம் நிறைந்திருக்கலாம், பாட்டு இனிமையாக இருக்கலாம். ஆனால் அதன் விரல்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருக்கும். ஒரு பெரியவர் பந்தியிலிருந்து எழுந்து போவார்; ஒரு விதவை பின்வரிசைக்கு நகர்ந்து, பிறகு வராமலே இருந்துவிடுவார்; ஓர் இளைஞன் கதவுவரை வந்து திரும்புவான். நமக்கு வலிக்காது. அதுதான் நோய்.

ஆகவே இந்த வாரத்துக்கு மூன்று எளிய காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன். ஒருவரைப் பற்றி ஒரு சொல் நாவுக்கு வரும்போது, ‘இதை நான் அவரிடமே கேட்டேனா?’ என்று உங்களையே வினவுங்கள். கேட்கத்தக்க உறவு உங்களுக்கு இருக்குமானால், தனியே போய், பினெகாசைப் போல விசாரியுங்கள். கேட்கத்தக்க உறவு இல்லாவிட்டால், ஆராய வேண்டாம். கண்ணுக்குத் தெரிகிற தேவை எதுவோ அதை மாத்திரம் செய்யுங்கள். வராதவர் வீட்டுக்கு ஒருமுறை சென்று வாருங்கள், ‘ஏன் வரவில்லை?’ என்று தொடங்காமல், ‘சுகமாக இருக்கிறீர்களா?’ என்று தொடங்குங்கள். வேலைக்குப் போகாத பிள்ளையைக் கண்டால் புத்திமதி சொல்லுமுன் ஒரு தேநீர் வாங்கிக் கொடுங்கள். காரணம் தெரிய வேண்டிய வேளையில் தெரியவரும். தெரியவராமலே போனாலும் நீங்கள் செய்த இரக்கம் வீண்போகாது.

நம்மைப் பற்றிய எல்லாக் காரணங்களையும் அறிந்தவர் ஒருவர் இருக்கிறார். பிறர் அறியாத நம் கண்ணீரையும் அறிவார். பிறர் அறியாத நம் அவலங்களையும் அறிவார். முழுவதும் அறிந்திருந்தும் நம்மைத் தம் பந்தியிலிருந்து எழுப்பிவிடாதவர் அவர். அவருடைய பந்தியில் உட்கார்ந்திருக்கிற நாம், பக்கத்து இலையைப் பார்த்து என்ன பேசுகிறோம் என்பதை அவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஜெபம் செய்வோம்.

இரக்கமுள்ள பிதாவே, நாங்கள் முகத்தைப் பார்க்கிறோம். நீரோ இருதயத்தைப் பார்க்கிறீர். அறியாத காரியங்களில் எங்கள் நாவைக் காத்தருளும். அறிந்த காரியங்களில் எங்களுக்கு மென்மையான விரல்களைத் தாரும். எங்கள் சபையில் சொல்ல முடியாத பாரத்தோடு அமர்ந்திருக்கும் ஒவ்வொருவரையும் தேற்றும். அவர்கள் பசியைக் காணும் கண்களையும், காரணம் கேளாமல் கொடுக்கும் கைகளையும் எங்களுக்கு அருளும். உம்முடைய குமாரனாகிய இயேசு கிறிஸ்துவின் மூலம் வேண்டிக்கொள்கிறோம் நல்ல பிதாவே. ஆமென்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்